ஜோயியின் பெயரைக் கெடுத்தது யார்?

ஒருவரை முட்டாள் என்று சொல்ல ஆங்கிலேயரிடம் எத்தனை சொற்கள்! ட்விட், ப்ராட், வாலி, ப்ளாங்கர், நம்ப்டி, மப்பெட் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நண்பர்கள் செல்லமாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு, கோபத்தில் எடுத்து வீசுவதும் உண்டு. மப்பெட் என்பது டி.வி. பொம்மலாட்டத்தில் வரும் பொம்மை என்று எல்லாருக்கும் தெரியும். வாலி எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

அந்த வரிசையில் ஒரு சொல்லின் பிறப்புதான் என் மனதை ரொம்ப நாளாக உறுத்துகிறது. எந்த ஆண்டில் பிறந்தது, எந்த நிகழ்ச்சியிலிருந்து பிறந்தது, யாருடைய பெயர் அது என்று எல்லாமே தெரியும். தெரிந்த பிறகு அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தச் சொல், ‘ஜோயி’.

1980களில் பிரிட்டனில் பள்ளிக்கூடம் போனவர்கள் பலருக்கும் இது நினைவிருக்கும். பந்தைத் தவறவிட்டவன் ஜோயி. கணக்கைத் தப்பாகப் போட்டவள் ஜோயி. சொல்வதோடு நிற்க மாட்டார்கள். நாக்கைக் கீழ் உதட்டுக்குள் அழுத்தி, கையை மடக்கி, தொண்டையிலிருந்து ஒரு குரலும் எழுப்புவார்கள். மைதானம் முழுக்கச் சிரிக்கும்.

யார் அந்த ஜோயி?

ஜோசப் டீக்கன். 1920ஆம் ஆண்டு மே மாதம், லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் பிறந்தவர். பிறக்கும்போதே கடுமையான மூளை முடக்குவாதம். டாக்டர்கள் செரிப்ரல் பால்சி என்பார்களே, அதுதான். மூளையில் தசைகளை இயக்கும் பகுதி பாதிக்கப்படுவதால் கை கால் சொன்னபடி கேட்காது, உடம்பு விறைத்துக்கொள்ளும். வாயும் நாக்கும் தசைகள்தானே? பேச்சும் குழறும். பாதிப்பு உடலின் இயக்கத்தில் மட்டும் இருந்து, புத்தி தெளிவாக இருப்பவர்கள் இவர்களில் ஏராளம். ஜோயியும் அப்படித்தான். சுற்றி நடப்பது எல்லாம் அவருக்குப் புரிந்தது. அவர் பேசுவதுதான் யாருக்கும் புரியவில்லை.

சிறுவயதிலேயே தாயை இழந்தார். 1928இல், எட்டு வயதில், லண்டனுக்குத் தெற்கே கேட்டர்ஹாம் என்ற ஊரில் இருந்த மனநல மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பின்னால் அதற்கு செயின்ட் லாரன்ஸ் மருத்துவமனை என்று பெயர் மாறியது. 1981இல் இறக்கும்வரை அவருக்கு அதுதான் வீடு.

எட்டு வயதுக் குழந்தை. பேச வராத குழந்தை. நம் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் அதன் முகத்தைப் பார்த்தே பசியா, தூக்கமா, வலியா என்று நமக்குத் தெரிந்துவிடும். சுமார் 2,000 பேர் இருந்த அந்த மருத்துவமனையில் யாருக்கு அப்படித் தெரிந்திருக்கும்?

அந்த இடத்தின் பழைய பெயரையும் சொல்லிவிடுகிறேன். 1870இல் திறந்தபோது அது ‘நாள்பட்ட இம்பெசில்களுக்கான’ காப்பகம். இம்பெசில் என்பது இன்று ஆங்கிலத்தில் வெறும் வசவு. அன்று அது அரசாங்கம் பலகையில் எழுதி மாட்டிய சொல். 1913இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மனக்குறைபாட்டுச் சட்டம், மனிதர்களை இடியட், இம்பெசில், ஃபீபிள் மைண்டட், மாரல் இம்பெசில் என்று நான்கு வகையாகப் பிரித்தது. சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு, ஃபைலில் எழுதி உள்ளே அனுப்புவார்கள். இதே சட்டத்தின் கீழ், கல்யாணமாகாமல் குழந்தை பெற்று அரசு உதவியில் இருந்த ஏழைப் பெண்களைக்கூடக் காப்பகத்தில் அடைக்க முடிந்தது. கோபத்தில் வாய் தவறி வந்த சொற்களைத்தான் நாம் வசவு என்று நினைக்கிறோம். இவை சட்டப் புத்தகத்திலிருந்து தெருவுக்கு வந்தவை.

ஜோயி உள்ளே போனது அந்தச் சட்டத்தின் காலத்தில்.

வருடங்கள் ஓடின. அந்த மருத்துவமனையில் ஜோயிக்கு எர்னி ராபர்ட்ஸ் என்ற நண்பர் கிடைத்தார். மற்றவர் காதில் வெறும் சத்தமாக விழுந்த ஜோயியின் பேச்சு எர்னிக்கு மட்டும் பேச்சாகவே கேட்டது. எர்னியும் அங்கே இருந்தவர்தான், டாக்டரோ நர்ஸோ கிடையாது. கூடவே இருந்து, காது கொடுத்துக் கேட்டுக் கேட்டுப் பழகியவர். இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. படித்தவர்களும் பரிசோதித்தவர்களும் நிறைந்திருந்த இடத்தில், ஜோயி பேசுவது பேச்சுதான் என்று காட்டியது ஒரு நண்பரின் பொறுமை.

ஐம்பது வயதைத் தொட்ட காலத்தில் ஜோயிக்கு ஓர் ஆசை வந்தது. தன் வாழ்க்கைக் கதையை எழுத வேண்டும்.

எப்படி எழுதினார்கள் தெரியுமா? ஜோயி சொல்வார். எர்னி அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்வார். மைக்கேல் சாங்ஸ்டர் என்ற இன்னொரு நண்பர் அதைக் கையால் எழுதிக்கொள்வார். நாலாவது நண்பர் டாம் பிளாக்பர்ன் அதை டைப் அடிப்பார். டாமுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நண்பனின் புத்தகத்துக்காகவே டைப் அடிக்கப் பழகி, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.

44 பக்கப் புத்தகம். முடிக்க 14 மாதம் ஆனது. மாதத்துக்குச் சராசரியாக மூன்று பக்கம். ஒரு வார்த்தை தப்பாகக் கேட்டிருந்தால் எர்னி மறுபடி கேட்க வேண்டும், ஜோயி மறுபடி சொல்ல வேண்டும். ஜோயிக்கு ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதே உடம்பு முழுவதும் செய்கிற வேலை. நாலு பேரில் ஒருவர் சலித்துக்கொண்டிருந்தாலும் அந்தப் புத்தகம் வந்திருக்காது.

1974இல் அது வெளிவந்தது. தலைப்பு ‘டங் டைட்’. நாக்குக் கட்டிப்போன ஒருவர் என்று பொருள். ‘குறைமதி மருத்துவமனையில் ஐம்பதாண்டு நட்பு’ என்பது மாதிரியான துணைத் தலைப்பும் உண்டு. அதே ஆண்டில் பிபிசி தனது ‘ஹொரைசன்’ தொடரில் அவர் கதையைப் படமாக்கியது. இயக்கியவர் பிரையன் கிப்சன். நாடெங்கும் மக்கள் பார்த்துக் கண் கலங்கினார்கள். நண்பர்கள் நால்வரும் மருத்துவமனை வளாகத்திலேயே ஒரு சின்ன வீட்டில் சேர்ந்து குடியேறினார்கள். புத்தகத்தால் வந்த பணமும் அதற்குக் கைகொடுத்தது. பெரிய வார்டில் வரிசைக் கட்டிலில் வாழ்நாளைக் கழித்தவர்களுக்குச் சொந்தக் கதவு, சொந்தச் சமையலறை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போன நம் வாசகிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி 1981.

ஐக்கிய நாடுகள் சபை அந்த ஆண்டைச் சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்தது. பிபிசியில் ‘ப்ளூ பீட்டர்’ என்று ஒரு குழந்தைகள் நிகழ்ச்சி உண்டு. 1958இலிருந்து வருவது. அந்நாளில் பிரிட்டனில் பள்ளி விட்டு வந்து அதைப் பார்க்காத பிள்ளை குறைவு. அந்த நிகழ்ச்சிக்காரர்கள் நல்லெண்ணத்தோடு ஒரு காரியம் செய்தார்கள். ஜோயியைக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்தினார்கள். இவர் எவ்வளவு பெரிய சாதனை செய்திருக்கிறார் பாருங்கள் என்று காட்டினார்கள்.

பிள்ளைகள் பார்த்தார்கள். அவருடைய முகத்தைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள், குரலைக் கேட்டார்கள். மைதானத்தில் ‘ஜோயி’ பிறந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் ஜோயி காலமானார். சொல் மட்டும் பல வருடம் உயிரோடு இருந்தது. நாலு நண்பர்கள் 14 மாதம் பாடுபட்டுச் சம்பாதித்த பெயர், பள்ளி மைதானங்களில் முட்டாள் என்ற பொருளில் புழங்கியது.

ஒரு மனிதரின் பெயர் வசவானது பிரிட்டனில் இது முதல் தடவையும் இல்லை. மக்குப் பையனை ஆங்கிலத்தில் டன்ஸ் என்பார்கள். ஜான் டன்ஸ் ஸ்காட்டஸ் என்ற ஸ்காட்லாந்துத் துறவியின் பெயர் அது. ஆக்ஸ்ஃபோர்டிலும் பாரிஸிலும் பாடம் சொன்னவர், 1308இல் மறைந்தவர், நுண்ணறிவாளர் என்று பட்டம் பெற்றவர். அவர் இறந்து இருநூறு ஆண்டு கழித்து வந்த புதிய அறிஞர்கள், அவர் வழியில் நின்ற பழமைவாதிகளை ‘டன்ஸ் ஆட்கள்’ என்று கேலி செய்தார்கள். அது கடைசியில் வகுப்பறையில் பாடம் ஒப்பிக்கத் தெரியாத குழந்தையின் தலையில் கூம்புத் தொப்பியாக உட்கார்ந்தது. ஆனால் அது அறிஞர் சண்டையில் பிறந்த கேலி. ஜோயி யாரோடும் சண்டை போட்டவர் இல்லை. அவர் இந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் வந்து வணக்கம் சொன்னவர்.

ஏன் இப்படி ஆனது?

நிகழ்ச்சியைத் தயாரித்தவர்கள்மேல் பழி போடுவது சுலபம். பிள்ளைகள் கொடூரமானவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது அதைவிடச் சுலபம். இரண்டையும் நான் ஏற்கவில்லை.

அந்தப் பிள்ளைகளின் இடத்தில் இருந்து பாருங்கள். 1981இல் பத்து வயதுப் பிள்ளை என்றால் 1971இல் பிறந்தது. இங்கிலாந்தில் 1971 ஏப்ரல் வரை, ‘கல்வி கற்கத் தகுதியற்றது’ என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் இடமே கிடையாது. கல்வித்துறையின் கணக்கிலேயே அவர்கள் வரவில்லை. சுகாதாரத்துறையின் பொறுப்பில் விட்டிருந்தார்கள். 1970இல் வந்த ஒரு சட்டம்தான் எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி உண்டு என்றது. அப்போதும் பெரும்பாலும் தனிப் பள்ளி, தனி வண்டி. மேரி வார்னாக் என்ற தத்துவ அறிஞர் தலைமையிலான குழு 1978இல் அறிக்கை கொடுத்து, முடிந்தவரை எல்லாரும் ஒன்றாகப் படிக்கட்டும் என்று சொன்னது. அதற்கான சட்டம் வந்தது 1981இல். நடைமுறைக்கு வந்தது 1983இல்.

அதாவது, டி.வி.யில் ஜோயியைப் பார்த்த பிள்ளைகளில் பலருக்கு, ஜோயி மாதிரி ஒரு வகுப்புத் தோழன் இருந்ததே இல்லை. தெருவில் இல்லை, பஸ்ஸில் இல்லை, பிறந்தநாள் விருந்தில் இல்லை. ஜோயி போன்றவர்களையெல்லாம் பெரியவர்கள்தான் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்திருந்தார்கள். பிறகு ஒரு நாள், திடீரென்று, அறுபது வயதுப் பெரியவர் ஒருவரை டி.வி. பெட்டிக்குள் காட்டி ‘இவரைப் பாராட்டுங்கள்’ என்றால், பிள்ளைக்கு அந்தப் பாராட்டு எங்கிருந்து வரும்?

புதிதாக, விநோதமாக ஒன்றைப் பார்த்தால் குழந்தை முதலில் அதைப் போலச் செய்து பார்க்கும். அது இயல்பு. பக்கத்தில் இருக்கும் பெரியவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அன்று எத்தனை வீட்டில் அம்மாவோ அப்பாவோ கூட உட்கார்ந்து அந்த நிகழ்ச்சியைப் பார்த்திருப்பார்கள்? எத்தனை ஆசிரியர்கள் மறுநாள் அதைப் பற்றிப் பேசியிருப்பார்கள்?

இன்னொரு சொல்லின் கதையையும் சொன்னால்தான் இது முழுமையாகும்.

மூளை முடக்குவாதத்தில் தசை விறைப்பதை மருத்துவத்தில் ஸ்பாஸ்டிக் என்பார்கள். 1952இல் பிரிட்டனில் அப்படிப்பட்ட குழந்தைகளின் பெற்றோர் சிலரும் ஒரு சமூக சேவகியும் சேர்ந்து ‘ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி’ தொடங்கினார்கள். தங்கள் பிள்ளைக்குப் பள்ளி வேண்டும், வேலை வேண்டும், மரியாதை வேண்டும் என்று போராடிய பெற்றோர் ஆசையாகத் தேர்ந்தெடுத்த பெயர் அது. கடைகளின் வாசலில் அவர்களுடைய உண்டியல் நிற்கும். காலில் இரும்புப் பட்டை மாட்டிய ஒரு சின்னப் பெண் பொம்மை, கையில் உண்டியலோடு. காசு போட்டுவிட்டுப் போன அதே பிள்ளைகள், மைதானத்தில் ஒருவனை ஒருவன் ‘ஸ்பாஸ்டிக்’ என்றார்கள், சுருக்கி ‘ஸ்பாஸ்’ என்றார்கள்.

வசவு முற்றிப்போனதால் 1994இல் அந்த அமைப்பு தன் பெயரையே மாற்றி ‘ஸ்கோப்’ ஆனது. கொஞ்ச நாளில் பள்ளிகளில் ‘ஸ்கோப்பர்’ என்று புது வசவு கிளம்பிவிட்டது. பாத்திரத்தை மாற்றினார்கள், உள்ளே இருந்த புளித்த மோர் அப்படியே இருந்தது.

பெயர் மாற்றம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பெயரைச் சுமந்து இன்டர்வியூவுக்குப் போகும் ஓர் இளைஞருக்கு அந்த மாற்றம் தேவைதான். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோமே, அதுதான் தவறு.

ஜோயி டி.வி.யில் வந்த அதே 1981இல், போலியோவால் சிறுவயதிலேயே பாதிக்கப்பட்ட இயன் டியூரி என்ற பாடகர் வேறு மாதிரி பதில் கொடுத்தார். ஊனமுற்றோர் ஆண்டு என்று எங்கள்மேல் பரிதாபம் காட்டாதீர்கள் என்று கோபப்பட்டு, அந்த வசவையே தலைப்பாக வைத்து ‘ஸ்பாஸ்டிகஸ் ஆட்டிஸ்டிகஸ்’ என்று ஒரு பாட்டுப் போட்டார். மாலை 6 மணிக்கு முன் அதை ஒலிபரப்ப முடியாது என்றது பிபிசி. 2012இல் லண்டன் பாராலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் அதே பாட்டை மாற்றுத்திறனாளிக் கலைஞர்கள் மேடையேற்றினார்கள். அந்த 31 வருடத்தில் பிரிட்டன் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்பதற்கு எனக்கு இது நல்ல அடையாளமாகப் படுகிறது. பரிதாப உண்டியலைத் தாங்கிய பொம்மைக்கும், மேடையில் நின்று தன் பாட்டைத் தானே பாடும் மனிதருக்கும் எவ்வளவு தூரம்!

இதெல்லாம் எங்கோ இங்கிலாந்தில் நடந்தது, நமக்கென்ன என்று கேட்பீர்களா? கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். அவர்கள் சட்டமும் சொல்லும் நம் வீடு வரை வந்தவை.

1912இல் வெள்ளைக்காரர் இங்கே போட்ட இந்திய லூனஸி சட்டம், லூனாட்டிக் என்றால் ‘இடியட் அல்லது புத்தி சுவாதீனம் இல்லாதவர்’ என்று விளக்கம் கொடுத்தது. சுதந்திரம் வந்து நாற்பது ஆண்டு கழித்து, 1987இல்தான் அதற்குப் பதிலாக வேறு சட்டம் இயற்றினோம். கேட்டர்ஹாம் காப்பகம் திறந்த மறு வருடம், 1871இல், சென்னையின் மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. இன்றைக்கும் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். இலங்கைத் தமிழர்கள் அதே தொனியில் ‘அங்கொடை’ என்பார்கள். எத்தனையோ குடும்பங்கள் கண்ணீரோடு போய், தெளிவோடு திரும்பி வந்த ஆஸ்பத்திரிகள் அவை. அங்கே சிகிச்சைக்குப் போனால் ஊர் என்ன சொல்லும் என்று பயந்து, மருந்து வாங்காமலே வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. நாம் விளையாட்டாகச் சொல்லும் அந்தச் சொல்லுக்கும் அந்தப் பயத்துக்கும் தொடர்பு இல்லை என்று சொல்ல முடியுமா?

மார்க் குறைந்து வந்த பிள்ளையை ‘மெண்டல்’ என்கிறோம். சாவியை மறந்த கணவரை ‘லூசு’ என்கிறோம். பாதி அன்பாகத்தான் சொல்கிறோம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்து ஃப்ளாட்டில் மனவளர்ச்சிக் குறைபாடுள்ள மகனோடு ஒரு தாய் இருக்கிறார். நம் வீட்டு ஜன்னலும் திறந்துதான் இருக்கிறது.

சினிமாவைச் சொல்லவே வேண்டாம். திக்குவாயை, காது கேளாமையை, பார்வைக் குறையை வைத்து எத்தனை காமெடி டிராக் பார்த்திருக்கிறோம்! ஓர் இந்திப் படம் தொடர்பான வழக்கில், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி அழகாகச் சொன்னது. மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கையைப் புரியவைக்கிற நகைச்சுவை வேறு, அவர்களை இழிவுபடுத்துகிற நகைச்சுவை வேறு என்று கோடு போட்டுக் காட்டியது. ஸ்பாஸ்டிக் போன்ற சொற்களைத் தவிர்க்கவும் அறிவுறுத்தியது. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொது இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமதித்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

சட்டம் வேண்டும். ஆனால் பத்து வயதுப் பிள்ளையைச் சட்டத்தைக் காட்டியா திருத்துவோம்?

பஸ்ஸில் போகும்போது நம் குழந்தை சத்தமாகக் கேட்கும், “ஏம்மா அந்த அக்கா இப்படி நடக்கிறாங்க?” நாம் என்ன செய்கிறோம்? தொடையில் ஒரு கிள்ளு. “ச்சூ, பாக்காதே.” குழந்தைக்கு அன்று கிடைக்கும் பாடம் என்ன? அந்த அக்கா பார்க்கக் கூடாதவர், பேசக் கூடாதவர் என்பதுதான். அவமானத்தில் முகம் திருப்பும் அந்த அரை நிமிடத்தில், நாம் நல்ல நாகரிகம் சொல்லிக்கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

அதற்குப் பதிலாக, “அக்காவுக்குக் கால் தசை கொஞ்சம் விறைப்பா இருக்கும்டா, அதான் அப்படி நடக்கிறாங்க. வணக்கம் சொல்லு” என்றால் என்ன குறைந்துவிடும்? பெரும்பாலும் அந்த அக்கா சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். கிள்ளும் கையையும் திரும்பும் முகத்தையும் அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார். நேராகப் பேசும் ஒரு குழந்தையைக் காண்பது அவருக்கும் ஆறுதல்தான்.

பிள்ளை யாரையாவது போல நடித்துக் காட்டினால், அடிப்பதும் அதட்டுவதும் வேண்டாம். கூடச் சிரிக்கவும் வேண்டாம். பாட்டியோ மாமாவோ ‘எவ்வளவு தத்ரூபமா பண்றான் பாரு’ என்று கைதட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கைதட்டல்தான் அடுத்த நாள் மைதானத்துக்குப் போகிறது. உட்காரவைத்து ஜோயியின் கதையைச் சொல்லுங்கள். நாலு நண்பர்கள் எப்படி ஒரு புத்தகம் எழுதினார்கள் என்று சொல்லுங்கள். ஒருவர் சொல்ல, ஒருவர் புரிந்துகொள்ள, ஒருவர் எழுத, எழுத்தே தெரியாத ஒருவர் டைப் அடித்தார் என்றால் எந்தக் குழந்தையும் கண் விரித்துக் கேட்கும். என்னைக் கேட்டால் நம் பாடப்புத்தகத்தில் வைக்கலாம் அந்தக் கதையை.

கதையைவிடப் பெரியது, பழக்கம். எர்னிக்கு ஜோயியின் பேச்சு புரிந்தது கூடவே இருந்ததால். நம் ஊரிலும் அந்தக் காரியத்தைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி, பின்னால் வித்யா சாகர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் படிக்கவும், அவர்களில் பலர் சாதாரணப் பள்ளிகளுக்குப் போகவும் அது வழி செய்திருக்கிறது. பேச்சு வராத பிள்ளைகள் படத்தையும் எழுத்தையும் சுட்டிக்காட்டிப் பேச அங்கே பலகைகள் உண்டு. ஜோயிக்கு எட்டு வயதில் அப்படி ஒரு பலகையை யாராவது கொடுத்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

2016ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள 6 முதல் 18 வயது வரையான பிள்ளை, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தன் விருப்பப்படி இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. காகிதத்தில் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு குழந்தை சேர வந்தால், தயங்குவது பள்ளி நிர்வாகம் மட்டுமா? ‘மத்த பிள்ளைங்க படிப்பு கெட்டுடும்’ என்று மனு எழுதும் பெற்றோரும் இருக்கிறார்கள். அந்த மனுவில் உங்கள் கையெழுத்தைக் கேட்டு யாராவது வந்தால், தயவுசெய்து போடாதீர்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, உங்கள் பிள்ளையின் வகுப்பில் வீல்சேரிலோ, குழறிய பேச்சோடோ ஒரு குழந்தை சேர்ந்தால், நேரே போய் டீச்சரிடம் சொல்லுங்கள்: “எங்க பிள்ளை பக்கத்துல உட்கார வைங்க.” அந்தக் குழந்தையையும் அதன் அம்மாவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள். நம் வாசகர் பகுதியில் இடம் ஒதுக்கிக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்